அதிகம் அல்லது சமம்

கோத்தகிரியில் இன்றும் நாலரைக்கே இருட்டிவிட்டது.
மாடி அறையில் மடிக்கணினி மட்டும் கதகதக்கிறது.
பக்கத்து ஃபேக்டரியில் இலை வாடும் வாசனை
சாத்திய ஜன்னலை மதிக்காமல் உள்ளே வருகிறது.

நாற்பதாயிரம் மூலக்கூறுகளிடம்
ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்,
ஆஸ்பத்திரியில் ஓ.பி. சீட்டு எழுதுகிறவள் மாதிரி:
உனக்குச் சுகர் இருக்கா?

சட்டம் சின்னது.
ஐந்தோ ஆறோ முனையுள்ள வளையம்.
அதற்குள் ஆக்ஸிஜன் ஒன்றே ஒன்று,
மற்றதெல்லாம் கார்பன், எல்லாம் ஒற்றைப் பிணைப்பு.
வளையத்துக்கு வெளியே ஒட்டித் தொங்கும் ஆக்ஸிஜன்களை எண்ணு.
முனைகளில் பாதிக்கு மேல் தேறினால்
சர்க்கரை என்று எழுது.
பாலத்தை வெட்டு. மிச்சத்தை எடுத்து வை.

வாடகை வாங்க வந்த போஜன் ஐயா
திரையை எட்டிப் பார்த்தார்.
'சர்க்கரையா? எனக்கு இருநூத்தி நாப்பது.'
ஸ்வெட்டருக்குள் கைவிட்டு
இதய மாத்திரை அட்டையை எடுத்தார்.
'இதுல இருக்கா பாரும்மா.'

டிஜாக்சின்.
தட்டினேன்.
சர்க்கரை: பூஜ்யம்.
அவர் நிம்மதியாகப் படியிறங்கினார்.

எனக்குத்தான் இறங்கவில்லை.
படத்தைப் பார்த்தாலே தெரிகிறதே,
ஸ்டீராய்டின் வாலில்,
கொண்டை ஊசி வளைவில் முட்டி நிற்கும் பஸ்கள் போல
மூன்று வளையங்கள்.
ஒவ்வொன்றும் இரண்டு ஆக்ஸிஜனை
எங்கோ தொலைத்துவிட்டு வந்த சர்க்கரை.
ஆறு முனை. வெளியே மூன்று.
பாதிக்கு மேல் இல்லை.
சரியாகப் பாதி.

நான் போட்ட கூர்மூக்குக் குறிக்குக் கீழே
ஒரு கோடு இழுக்க மறந்திருக்கிறேன்.
அவ்வளவுதான். அந்தக் கோட்டில்
எத்தனை பேர் வெளியே நின்றார்களோ.
பிளஸ் டூ முடித்த வருஷம் ஒரு கட்-ஆஃப்...
அது இப்போது வேண்டாம்.

கோட்டை இழுத்து ஓடவிட்டேன்.
பாதியில் கரண்ட் போனது.
இருட்டில், தேயிலைக்கு நடுவே
காட்டெருமை ஒன்று மூச்சுவிட்டது.
மறுபடி முதலிலிருந்து.

விடிகாலை மூன்று மணிக்கு, டிஜாக்சின்: மூன்று.
கூடவே அறுநூற்றுப் பன்னிரண்டு புதியவர்கள்.
அவர்களில் சர்க்கரை வேஷம் போட்டவர்கள் எத்தனையோ,
ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

காலையில் போஜன் ஐயாவிடம் ஒப்புக்கொண்டேன்:
'நேத்து சொன்னது தப்பு. மாத்திரையில மூணு இருக்கு.'
அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
'இனிக்கலையே?'
'இனிக்காது.'
கொஞ்ச நேரம் யோசித்தார்.
பிறகு சமையலறைப் பக்கம் ஒரு கண் வைத்துக்கொண்டு
தாழ்ந்த குரலில் கேட்டார்:
'டாக்டரே மூணு போடும்போது
டீயில ஒண்ணு போட்டா என்ன?'