தளரப் போட்டால் ஆறு டம்ளர்

சீட்டில் எழுதியிருக்கிறது:
கீரை, வேகவைத்து வடித்தது, அறுபது கிராம்,
வாரத்துக்கு ரெண்டே முறை.
அறுபதுக்குக் கீழே அழுத்தமாய் ஒரு கோடு.

எங்கள் வீட்டில் கிராம் கிடையாது.
கட்டு உண்டு, அரைக் கட்டு உண்டு,
ஒரு கை உண்டு, அது யார் கை என்பதைப் பொறுத்து.

எனக்கு எடைமேடையில் வேலை,
எண்ணூர் நெடுஞ்சாலையில்
கன்டெய்னர் வரிசை திரும்பும் இடம்.
லோடு வண்டி, காலி வண்டி,
கழித்தால் சரக்கு.
பஞ்சு ஏற்றிய பெட்டியும் கம்பி ஏற்றிய பெட்டியும்
வெளியே ஒரே உயரம்.
டயரைப் பார்த்தால்தான் தெரியும்.

செவ்வாய்க்கிழமை சாப்பாட்டு நேரத்தில்
ஒரு சிறுகீரைக் கட்டை
அறுபது டன் மேடையின் நடுவில் வைத்தேன்.
சிவப்பு எண்கள் அசையவில்லை.
பத்துக் கிலோவுக்குக் கீழே அதற்குக் கண் தெரியாது.
கிளீனர் பையன் சொன்னான்,
"லாரியோட வெச்சு எட போடுண்ணே,
அப்பால லாரிய கழிச்சுக்கலாம்."

கொருக்குப்பேட்டை கேட்டில் கீரை விற்கும்
ஜீவரத்தினத்திடம் கேட்டேன்.
கட்டின் மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டே,
"எட போட்டு வித்தா
இந்தத் தண்ணிக்கும் துட்டு குடுப்பியா?" என்றாள்.

கடைசியில் உத்தம்சந்தின் அடகுக்கடை.
கண்ணாடிப் பெட்டிக்குள் தராசு.
போன மாதம் இதே தட்டில் சலோமியின் தோடு,
மூன்று புள்ளி எட்டு இரண்டு.
கல்லுக்கு என்று கொஞ்சம் கழித்தார்.
இன்று கீரையைப் பார்த்தும் அவர் எதுவும் கேட்கவில்லை.
எழுந்து போய் ஃபேனை நிறுத்தினார்.

வேரோடும் மண்ணோடும் முந்நூற்றுப் பத்து.
அங்கேயே உட்கார்ந்து ஆய்ந்தபின் நூற்று நாற்பது.
டம்ளரில் தளரப் போட்டால் ஆறு,
அமுக்கினால் மூன்று,
எப்படிப் போட்டாலும் நூற்று நாற்பதுதான்.
மறுநாள் வேகவைத்து டப்பாவில் கொண்டுபோனேன்.
காலி டப்பாவை முதலில் நிறுத்தோம்,
அது எனக்குத் தெரிந்த வேலை.
நூற்றுப் பதினெட்டு.
அத்தனை இலையும்
ஒரு டம்ளருக்குக் கூட வரவில்லை.

வடித்த பச்சைத் தண்ணீரைக் குடிக்கக் கூடாதாம்,
கொட்டிவிட வேண்டுமாம்.
சாக்கடை வரை ஆவி பறந்தது.

வியாழன் காலை, மிஷினுக்கு முன்
சலோமி எடை பார்க்க ஏறுகிறாள்:
நாற்பத்தொன்பது புள்ளி ஆறு.
நான்கு மணி நேரம் கழித்து
நாற்பத்தேழு புள்ளி இரண்டு.
"டிரை வெயிட் வந்துடுச்சு" என்கிறார் நர்ஸ்.
லோடு, காலி என்று
என் வாய் தன்னால் முணுமுணுத்தது.
நாக்கைக் கடித்துக்கொண்டேன்.
அவள் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள்,
காதுத் துளையில் வேப்பங்குச்சி.

டம்ளரின் வெளிப்புறம்
நெயில் பாலிஷால் கோடு போட்டிருக்கிறேன்.
அறுபது.
நேற்று இரவு கோடு வரைக்கும் போட்டுக்கொண்டு
சட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்,
அதற்கு மேல் ஒரு சின்னக் கரண்டி,
பூண்டுப் பல்லோடு.
"இது எவ்ளோ இருக்கும்?"

பத்துக் கிலோவுக்குக் கீழே
எனக்குக் கண் தெரியாது என்றேன்.