புள்ளி

செக்காலை ரோட்டில் ஜெராக்ஸ் கடைக்கு மேல்
எங்கள் சங்கத்தின் பொதுக்குழு.
நாற்காலி முப்பது. வந்தவர் பதினொன்று.
முறுக்கு மட்டும் முப்பதுக்கும் வாங்கியிருந்தது.
நான் பொருளாளர். கணக்கை வாசித்தேன்.

நாங்கள் மழை அளக்கிறவர்கள்.
காலை எட்டரைக்குச் சேர்ந்த தண்ணீரைக்
கண்ணாடிக் குடுவையில் ஊற்றி
கண்மட்டத்தில் பிடித்துப் படிக்கிறவர்கள்.
கண்டனூர் பன்னிரண்டு புள்ளி நான்கு.
கோட்டையூர் மூன்று புள்ளி இரண்டு.
நடுவில் வண்டியில் வந்தவனுக்கு
ஒரு தோள் மட்டும் நனைந்திருக்கும்.

மாதம் ஓர் இதழ், எட்டுப் பக்கம்.
சந்தா வருஷத்துக்கு முந்நூறு.
அச்சுக்கும் தபாலுக்கும் போக மிஞ்சுவதில்
மழைமானி ஒன்று உடைந்தால் வாங்கலாம்.
இரண்டு உடைந்தால் உமையாள் டீச்சரின் கைக்காசு.

இந்தப் பக்கம் கோயில் வரிக்குக்
குடும்பத்தைப் புள்ளி என்று எண்ணுவார்கள்.
எங்கள் பேரேட்டிலும் அந்தச் சொல் ஒட்டிக்கொண்டது.
சித்திரையில் நூற்று நாற்பது புள்ளி.
ஐப்பசியில் அறுபத்திரண்டு.

காரணம் ஒன்றும் ரகசியமில்லை.
வைரவன் இதழைப் படம் பிடித்து
பக்கம் பக்கமாகப் போனில் விட்டிருந்தான்.
தபால் பெட்டிக்குள் எங்கள் கட்டு விழும் முன்பே
தேவகோட்டை வரைக்கும் படித்து முடித்திருந்தார்கள்.

"அப்ப காசு கட்டினவன் கேனையனா?"
கேட்டது அச்சகத்து ஜபருல்லா.
இரண்டு மாத பில் இன்னும் அவர் சட்டைப்பையில்.
வைரவன் எழுந்து நின்றான்.
"மழைக்கு யாருங்க சந்தா கட்டினது?
அது எல்லாத் தலையிலயும்தானே பெஞ்சுச்சு?"
கைதட்டல் வந்தது.
நானும் தட்டினேன், கணக்கு நோட்டு மடியில் இருக்க.
மழைக்கு விலையில்லைதான்.
மழைமானி எண்ணூற்றைம்பது.

முடிவில்லை. முறுக்கைப் பங்கு போட்டோம்.

கார்த்திகையில் ஒரு விடிகாலை போன்.
தெரியாத நம்பர், தெரியாத குரல்.
"கல்லல் பக்கம், சவரிமுத்து பேசுறேன்.
மானகிரிக் கட்டத்துல ஏன் வெறுங்கோடு போட்டிருக்கு?
அங்கன பேஞ்சாத்தான் எங்க கம்மாய்க்கு வரத்து.
நாத்து விடவா வேணாமா?"

மெம்பரா என்று கேட்டேன்.
கேட்டபிறகு வெட்கமாக இருந்தது.
"இல்லங்க, மச்சான் அனுப்புவாப்ல."

சொன்னேன்.
மானகிரியில் அளந்தவர் சந்தாவை நிறுத்திவிட்டார்.
சும்மா கிடைக்கும்போது எதற்கு என்றார்.
மானியையும் திருப்பிக் கொடுத்துவிட்டார்,
அடியில் விரிசலோடு.
இப்போது அவரும் போனில்தான் படிக்கிறார்.
அவர் படிக்கிற இதழில் அவர் ஊர் இல்லை.

மறுமுனையில் கொஞ்ச நேரம் கோழிச் சத்தம்.
"அதுக்கு எவ்வளவு ஆகும்?"
சொன்னேன்.
வைத்துவிட்டார்.

நாலாம் நாள் இரவு முழுக்கக் கொட்டியது.
காலை எட்டு முப்பத்தொன்றுக்கு அதே நம்பர்.
"மானகிரில கொழுந்தியா வீட்டு மாடில
பெயிண்ட் டப்பா வச்சிருந்தேன்.
வாயும் அடியும் ஒரே அகலம், பாத்துத்தான் எடுத்தேன்.
நாலு விரக்கடை நிக்கிது. எழுதிக்கங்க."

யார் விரல் என்று கேட்பதற்குள் வைத்துவிட்டார்.

என் நான்கு விரலை ஸ்கேலில் வைத்தேன்.
அறுபத்தாறு.
நாற்று விடுகிற கை இன்னும் தடிப்பாக இருக்கும்.
எழுபத்திரண்டு என்று பென்சிலில் எழுதினேன்,
புள்ளிக்குப் பிறகு எதுவும் போடாமல்.

மத்தியானம் ஜபருல்லா பில்லோடு வந்தார்.
கட்டத்தைப் பார்த்தார்.
"யாரு இது, புதுப் புள்ளியா?"
என்ன சொல்வதென்று தெரியவில்லை.
ரசீதுப் புத்தகம் திறந்தே கிடந்தது.
போன மாதப் பாதியை மட்டும் கொடுத்தேன்.
வாங்கி எண்ணிவிட்டு
இந்த மாதப் படிவத்தைக் கேட்டார்.
பென்சில் அச்சில் ஏறாதே என்றார்.