முன் இருக்கையில் பயணித்தது

ஷெரீப் வண்டியின் ஒலிபெருக்கி
இருபது நிமிடம் என்றது.
மாத்திரைகள், வீட்டுப் பத்திரம், நாய்,
ஒற்றைச் செருப்பு, இவற்றை நான் எடுத்தேன்.
வெர்லின் நாற்காலிமேல் ஏறினான்,
நூற்றுப் பதினெட்டுக் கிலோ,
நாற்காலி முனகியது.
ஆணியிலிருந்து இறக்கினான்
பிறந்த வருடம் தன்னைச் சுமந்த கூடையை.

பிக்கப்பில் அதற்குத்தான் முன் இருக்கை.
பெல்ட் வேறு போட்டுவிட்டான்.
பின்னால் நானும் நாயும்,
அதன் எச்சில் என் முழங்காலில்.
ஐம்பத்தோரு வயசுக்கு இது ஆகுமா
என்று கேட்டிருப்பேன்.
கிளாமத் ஆற்றின்மேல்
களிம்பேறிய செப்புக்காசாய்ச் சூரியன் தொங்கியது.
கேட்கவில்லை.

பாவு ஹேசல் குச்சி. ஊடு பைன் வேர்.
வலப்பக்கம், ஏழாம் வரிசையில்
ஒரு பின்னல் தாவிப்போயிருக்கும்.
அவன் அம்மாவுக்கு வலி எடுத்த இடம்.
அப்புறமும் அதை அவள் அவிழ்த்துச் சரிசெய்யவில்லை.
'இவன் கதவைத் தட்டின இடம், இருக்கட்டும்'
என்றாளாம்.
கடன்காரன் வந்த அன்று,
எங்கள் மகன் பிறந்த மூன்றாம் நாள்
வெறுங்கையோடு வீடு திரும்பிய அன்று,
வெர்லினின் கட்டைவிரல் போய் நின்றது
அந்தத் தாவலில்தான்.

மாவட்டக் கண்காட்சித் திடல்,
ஆட்டுக் கொட்டகையில் எங்களுக்குக் கட்டில்.
பரிசு வாங்கிய கிடாயின் பெயர் இன்னும் கம்பத்தில்.
பக்கத்துக் கட்டில்காரி, யாரோ, எந்த ஊரோ,
ஒன்பது வாரக் குழந்தையை
வாழைப்பழ அட்டைப்பெட்டியில் கிடத்தியிருந்தாள்.
அது விடாமல் அழுதது.
இரண்டரை மணிக்கு வெர்லின் எழுந்தான்.

'காருக் கூடையில பிள்ளை படுக்காது, உக்காரும்.
காலைக் கட்டாதே. வெளியே தொங்கட்டும்.
தரை எங்க இருக்குன்னு அது பாத்துக்கும்.'
அவ்வளவுதான் பேசினான்.
வாரை இழுத்துக் கட்டும்போது
விரல் ஒருமுறை வழுக்கியது.
குழந்தை நிமிர்ந்து உட்கார்ந்து
நீதிபதி மாதிரி எங்களைப் பார்த்தது.
ஏப்பம் விட்டது. தூங்கிவிட்டது.

நான் அதன் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்,
தடவித் தடவி ஏழாம் வரிசைக்குப் போகுமோ என்று.
போகவில்லை.
விளிம்பில் வேறெங்கோ பிடித்துக்கொண்டது,
தனக்கென்று ஓரிடம்.

நாலாம் நாள் வீடு போன செய்தி வந்தது.
'அந்த ஆணியுமா?' என்றான்.
எரிந்த சரிவில்தான் ஹேசல் நேராய்த் துளிர்க்கும்
என்று ஆறுதல் சொல்ல வந்தார்கள்.
தெரியும்.
யாரிடம் வந்து சொல்கிறார்கள்.

அந்தப் பெண் மெட்ஃபோர்டுக்குப் போனாள்.
கூடையைத் திருப்பித் தா என்று அவன் சொல்லவில்லை,
வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

இப்போதெல்லாம் தூக்கத்தில்
அவன் கட்டைவிரல் என் மணிக்கட்டில்
எதையோ எண்ணிக்கொண்டு போகிறது.
ஆறு வரைக்கும் போய் நிற்கும்.
நான் கையை அசைப்பதில்லை.