ஐந்து மைக்ரான்

கருப்பூரில், வெள்ளைக்கல் மேடு தெரியும் ஜன்னலோரம்
பம்பு ஓடிக்கொண்டிருக்கிறது.
சத்தமே இல்லை.
சிரிஞ்சு நகர்கிறதா என்று பார்க்க
பேனாவால் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன்.

கண்ணாடியில் ஒட்டிய சிலிக்கான் ரப்பர், தபால்தலையில் பாதி.
அதற்குள் எழுபத்தைந்து தடங்கள்.
ஒவ்வொன்றிலும் ஓரிடத்தில் இடுக்கு:
ஐந்து மைக்ரான்.
செல்லின் குறுக்களவு எட்டு.

கணக்குப்படி போக முடியாது.
போகிறது.
நசுங்கி, நீண்டு, புளியங்கொட்டையாகி
அந்தப் பக்கம் விழுந்து மறுபடி உருளும்போது
தோலெல்லாம் பொத்தல்.
சில நிமிடங்களில் தானே அடைத்துக்கொள்ளும்.
அதற்குள்
வெளியே மிதப்பது உள்ளே போயிருக்க வேண்டும்.
ஊசி இல்லை, மின்னதிர்ச்சி இல்லை,
வைரஸை வண்டியாக்கி ஏமாற்றுவதும் இல்லை.
இடுக்கு மட்டும்தான்.

"ஏற்காட்டு ரோட்டில் பஸ் திரும்புகிற மாதிரி சார்" என்று
பார்க்க வந்தவரிடம் சொன்னான் அல்லிமுத்து.
இல்லை அல்லி.
எந்த வளைவிலும் பஸ் மெலிவதில்லை.
இருபது வளைவும் தாண்டி இறங்குகிறவர்கள்
ஏறியபோது இருந்தவர்களேதான்,
கையில் எலுமிச்சம்பழம் மட்டும் கசங்கியிருக்கும்.

செவ்வாய்க்கிழமை ரத்தம் தரவேண்டியவர் வரவில்லை.
என் கையிலிருந்தே எடுத்தோம், பத்து மில்லி.
நாலேகாலுக்குக் கரண்ட் போனது.
இன்வெர்ட்டர் பிடிப்பதற்குள்
பாதித் தடங்களில் அடைப்பு.
மைக்ராஸ்கோப்பில் பார்த்தால்
இடுக்கின் வாயில் ஒன்றன்மேல் ஒன்றாக
என் வெள்ளையணுக்கள்,
ரேஷன் கடை ஷட்டர் பாதி ஏறியதும் முண்டுகிற மாதிரி.
எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

மீதித் தடங்கள் ஓடின.
நூற்றுக்கு எழுபத்தொன்று பிழைத்தது.
அதில் ஐம்பத்துமூன்று பச்சை.
பச்சை என்றால் உள்ளே போயிருக்கிறது.
மருந்தல்ல,
மருந்து போகுமா என்று அனுப்பிப் பார்த்த
வெறும் சாயம்.
மருந்துக்கு இன்னும் எத்தனையோ வருடம்,
எத்தனையோ கையெழுத்து.

மற்ற இருபத்தொன்பதுக்கும்
நோட்டில் ஒரு கட்டம் உண்டு.
எண் எழுதினால் போதும்.
எழுதினேன்.
இவ்வளவு நாளும் யாரோ ஒருவரின் இருபத்தொன்பது,
முப்பத்திரண்டு, ஒருமுறை அறுபது.
பேனாவை வைத்துவிட்டு
முழங்கைப் பஞ்சை உரித்தேன்.
ஒட்டிக்கொண்டு வந்தது,
பொத்தல் தெரியவில்லை.

கோரிமேட்டில் கடைசி பஸ்ஸைப் பிடித்தேன்.
கீழே, இன்குபேட்டரில், முப்பத்தேழு டிகிரியில்
என்னில் கொஞ்சம் பச்சையாக இருக்கிறது,
காலையில் எண்ணும்வரை.
பதினாலாவது வளைவில் பனி இறங்கியது.
முன் சீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்தப் பார்த்தார்,
சாத்த வரவில்லை.
அங்கே அவற்றுக்குக் குளிராது.