இடதுபக்கம்

நாளைக் காலை ஆறு மணிக்குப் பொண்ணழைப்பு.
வீடியோக்காரன் நேற்றே போனில் சொல்லிவிட்டான்:
"அண்ணாச்சி, மொத ஷாட்டே சக்கரந்தான்.
தரையில படுத்து எடுப்பேன்.
வீலு பளிச்சுன்னு இருக்கணும், பாத்துக்கிடுங்க."

நானும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன் ஒன்பது வருடமாய்,
கண்ணாடியை, பானட்டை, டீசல் முள்ளை.
சக்கரத்தை யார் பார்க்கிறார்கள்,
பஞ்சர் ஆனால் ஒழிய.

வண்ணார்பேட்டை ஞானதிரவியம் ஆட்டோ ஸ்டோர்ஸில்
மூன்று பாட்டில் எடுத்து வைத்தாள் எப்சிபா.
மஞ்சள், நூற்றிமுப்பது.
ரோஸ், இருநூற்றிருபது.
நிறமே இல்லாத ஒன்று நானூற்றெண்பது,
அதிலேயே சின்னது இருநூற்றைம்பது.
கை மஞ்சளுக்குப் போனது.
கைக்கு விலை மட்டும்தான் படிக்கத் தெரியும்.

"அது ஆசிட்டுலா அண்ணாச்சி.
கக்கூஸ் கழுவுதோம் பாருங்க, அதுக்கு ஒண்ணுவிட்ட தம்பி.
இன்னைக்கு வெள்ளி மாதிரி இருக்கும்,
ஆடி கழியட்டும், பொரிப்பொரியா எந்திரிக்கும்.
ஆமா, ஒங்க வீலு என்னது?
அலாயா, இரும்பா? பெயின்ட் இருக்கா, உரிஞ்சிருக்கா?"

தவணை எத்தனை பாக்கி என்று கேட்டிருந்தால்
தூக்கத்திலும் சொல்லியிருப்பேன்.
வெளியே போய்க் குத்தவைத்துப் பார்த்தேன்.

பின்சக்கரத்தில் சிவப்பு. தெரிந்த சிவப்புதான்,
போன வாரம் திசையன்விளைப் பக்கம் ஏறியது.
தண்ணீரைக் காட்டினால் இறங்கிவிடும்.
முன்சக்கரத்தில் கருப்பு.
விரலால் தேய்த்தேன்.
விரல் கருத்தது, சக்கரம் வெளுக்கவில்லை.

"அது ரோட்டு அழுக்கு இல்ல,"
பின்னால் வந்து நிற்கிறாள், கெமிஸ்ட்ரி படித்தவளாம்.
"பிரேக் தேஞ்ச பொடி. இரும்பு.
ஒவ்வொரு மிதிக்கும் கொஞ்சம்
சுடச்சுடப் போயி ஒட்டிக்கிடும்."

நிறமில்லாததில் சின்னதை வாங்கினேன்.
ரெண்டு சக்கரத்துக்குக் காணும் என்றாள்.
"வீலு சுடும்போது அடிச்சிராதீங்க, ஆறட்டும்.
ஆத்துல கொண்டுபோயும் கழுவிராதீங்க."

பேட்டையில் வீட்டு முன்னால் நிறுத்திவிட்டு
இரண்டு குடம் தண்ணீரோடு உட்கார்ந்திருந்தேன்.
வண்டி ஆறுவதற்கு நேரம் பிடித்தது.

மூன்றடைப்பில் குறுக்கே பாய்ந்த எருமைக்கன்று.
ஹைகிரவுண்டு வாசலில் வாரம் மூன்று தடவை
டயாலிசிஸ் சங்கரபாண்டியனுக்காக,
குலுங்கிவிடக் கூடாதென்று
மருந்துக்கடைத் தெருவிலிருந்தே தொட்டுத் தொட்டு.
களக்காட்டு விலக்கில்
"கொஞ்சம் நிறுத்துங்க" என்று இறங்கி,
வாழைத்தோட்ட ஓரமாய் அழுதுவிட்டு வந்து
"போலாம்" என்ற ஒரு சவாரி.
பேர் கேட்கவில்லை.
வாந்தி எடுக்கிற பிள்ளைகள். கைகாட்டிய போலீஸ்.
பூட்டிய ரயில்வே கேட்.

மிதிக்காமல் போனதும் ஒன்று உண்டு.
பனகுடி காற்றில், நடுராத்திரி, ஒரு நாய்.
அதற்குப் பொடி கிடையாது.

தொட்டுப் பார்த்தேன். ஆறியிருந்தது.
அடித்தேன்.
முதலில் ஒன்றுமில்லை, இருநூற்றைம்பது ரூபாய்க்குத் தண்ணீர்.
பிறகு
நாவப்பழம் தின்ற வாய் போல
கருப்புக்குள்ளிருந்து ஊதா கசிந்து
கம்பி கம்பியாய் வழிந்து தெருவுக்கு வந்தது.
நாற்றம் என்றால் அப்படியொரு நாற்றம், அழுகின முட்டை.
எதிர்வீட்டு முகைதீன் மகன் சைக்கிளை நிறுத்தி
"மாமா, வண்டிக்கு ரத்தம் வருது" என்றான்.
"வரட்டும்ல, போ."

கழுவியபின் தெரிந்தது
விளிம்பில் ஒரு சாண் நீளக் கீறல்.
எங்கே, எப்போது உரசினேனோ.
இத்தனை நாள் அழுக்கு அதை மூடிக்கொடுத்திருக்கிறது.
வீடியோக்காரனிடம் சக்கரத்தைச் சுற்றவிட்டு எடுக்கச் சொல்லவேண்டும்.

பாட்டில் இடது இரண்டோடு தீர்ந்தது.
குலுக்கினேன், இரண்டு சொட்டு.
மஞ்சளாயிருந்தால் நாலுக்கும் வந்திருக்கும்.

பெண் ஏறுவது இடதுபக்கம்.
பூ தொங்குவது, கேமரா படுப்பது எல்லாம் இடதுபக்கம்.
வலதுபக்கம் நான்.
அங்கே அப்படியே இருக்கிறது எல்லாம்,
எருமைக்கன்று, சங்கரபாண்டியன்,
வாழைத்தோட்டம்.