கேட் போட்ட நேரத்தில்

நீடாமங்கலத்தில் கேட் போட்டாயிற்று.
நெல் ஏற்றிய கூட்ஸ்
முன்னே போகிறது, பின்னே வருகிறது,
ஒரு முடிவுக்கும் வராமல்.

எக்ஸெல் வண்டியில் அப்பாவுக்குப் பின்னால் நான்.
மடியில் பிளஸ் ஒன் விண்ணப்பம்.
ரத்த வகை வரைக்கும் எழுதிவிட்டேன்.
'விரும்பும் பாடப்பிரிவு' மட்டும் காலி.

"நானூத்தி முப்பத்தொண்ணா?
அப்புறமென்ன, பயாலஜிதான்"
பக்கத்து ஆட்டோவில் வாழையிலைக் கட்டோடு ஒருவர்.
"கம்ப்யூட்டர்தாங்க சோறு போடும்"
பின்னாலிருந்து ஒரு ஹெல்மெட்.
அப்பா இருவருக்கும் தலையாட்டுகிறார்.

மாசியில் கொள்முதல் நிலையத்திலும்
இப்படித்தான் ஆட்டினார்.
காலையில் ஈரம் பத்தொன்பது என்றது கருவி.
மூட்டைக்கு நாற்பது கைமாறியது.
மதியம் அதே குவியல், அதே கருவி,
பதினாறு.

அவர்கள் டீ குடிக்கப் போன நேரம்
மேசையிலிருந்த பேரேட்டைப் புரட்டினேன்.
எங்கள் பெயர் இருந்தது,
எடை இருந்தது, சாக்கு எண்ணிக்கை இருந்தது.
அந்த நாற்பதைத்தான் காணோம்.
வரவிலும் இல்லை
செலவிலும் இல்லை.
அது எங்கே போய் உட்கார்ந்திருக்கும் என்று
பரீட்சை ஹாலில்கூட யோசித்தேன்.

மூன்றாவது குரூப்பா என்று
ஆரோக்கியமேரி டீச்சர்
கண்ணாடியை இறக்கிப் பார்ப்பார்.
பார்க்கட்டும்.

கடைசிப் பெட்டி கடக்கிறது.
கேட் ஏறும் முன்பே எல்லா ஹாரனும்.
அப்பா கிக்கரை உதைக்க
அவர் முதுகில் தாளை வைத்து எழுதுகிறேன்.
வணிகவியல் நேராக வந்தது.
கணக்குப்பதிவியல்
தண்டவாளத்தில் ஏறி இறங்கியதில்
கொஞ்சம் கோணல்.

"என்ன பாப்பா குத்துது?"

"ஒண்ணுமில்லப்பா. பேனா."