நூற்றெண்பது கிராம்

தார் வெட்டும்போது தள்ளி நில் என்றேன்.
தர்ணிகா நிற்கவில்லை.
வெள்ளை டீ-ஷர்ட்டில்
ஒட்டகச்சிவிங்கியின் காலடியில் சொட்டிய வாழைக்கறை
மூன்று சோப்புக்கும் மசியாமல்
பொழுது சாய்வதற்குள் பழுப்பேறிவிட்டது.

"பட்டறைல ஐநூறு கிலோ போடறீங்கொ,
இந்த ஒண்ணு ஆவாதுங்ளா?"
என்றாள் தங்கமணி.
எந்தக் கலரும் சம்மதம் மகளுக்கு,
சிவிங்கி மட்டும் மஞ்சளாகவே இருக்கவேண்டும்.

நகத்தால் சுரண்டிப் பார்த்தேன்.
துணிக்கு மேல் தோலாய் எழும்பியிருந்தது. ரப்பர் பிரிண்ட்.
சேம்பிலையில் தண்ணீர் நிற்குமா,
அப்படித்தான் இதன் மேல் சாயமும்.
நூலுக்குள் ஊறிய பிரிண்டாக இருந்தால்
அப்போதே கையை விரித்திருப்பேன்.
இதற்குப் பகை கொதிநீர் ஒன்றுதான்,
சித்திரைக் குளமாய் வெடித்துவிடும்.

ஆறுச்சாமி கடைத் தராசில் வைத்தேன்.
நூற்றெண்பது கிராம்.
"வெங்காயமாட்ட நிறுக்கறீங்களே" என்று
அவர் கல்லுப்பை அளந்து தந்தார், கால் கிலோவுக்குக் கொஞ்சம் கம்மியாக.
லேபில் கேட்டு வாங்கிய பொட்டலத்தில்
நேவி நாலே கிராம்.
கை பொறுக்கும் சூடு, நாலு லிட்டர்,
வாஷிங் சோடா கடைசியில்தான்.
அவசரப்பட்டு முன்னால் போட்டவன் துணியில்
தேமல் தேமலாய்க் கிடக்கும். எனக்குத் தெரியும்,
முதல் வருஷச் சம்பளத்தில் அதற்குப் பிடித்தார்கள்.

பட்டறையில் துணி கயிறாகி மிஷினில் ஓடும்.
இங்கே என் கைதான் மிஷின்.
ஒரு மணி நேரம்
சிவிங்கி நீலத்தில் முங்கி
கழுத்தை நீட்டிக் கழுத்தை நீட்டிப் பார்த்தது.
கையுறையில் ஓட்டை. ஒரு விரல் நேவி.

முறுக்காமல் எடுத்து
உள்புறம் வெளியே திருப்பி நிழலில் போட்டபின்தான்
பக்கெட்டைக் கவனித்தேன்.
வாசல் சாக்கடை ஓடைக்குப் போகிறது,
ஓடை நொய்யலுக்கு.
பட்டறையில் இந்தத் தண்ணீருக்குத் தொட்டி உண்டு, சவ்வு உண்டு,
உப்பு வேறு நீர் வேறாய்ப் பிரிகிற இடம் உண்டு.
இங்கே மூடி தொலைந்த தண்ணிக் கேன் ஒன்று.

"ஒரு பக்கெட்டுக்குங்ளா இத்தன ரோசன?"
நாங்கள் எல்லோரும் அப்படிக் கேட்டவர்கள்தான்
என்று சொல்ல வாயெடுத்து
புனல் எங்கே என்று கேட்டேன்.

காலையில் கேட்டில் சென்னியப்பன்
கேனை முகர்ந்து பார்த்தான்.
"உள்ளருந்து திருடிட்டுப் போறவனத்தான் புடிச்சிருக்கறன்.
வெளியருந்து கொண்டாந்து ஊத்தறவன
இப்பத்தான் பாக்கறன்.
ரிஜிஸ்டர்ல என்னன்னு எழுதட்டு?"
யோசித்து,
'சிவிங்கி, பதினெட்டு லிட்டர்' என்றேன்.
எழுதினானா தெரியாது.

சாயங்காலம் மகள் போட்டுக்கொண்டு நின்றாள்.
மஞ்சள் அப்படியே, கழுத்தில் கீறல்கூட இல்லை.
கறை இருந்த இடம் ஒரு பிடி கூடுதல் இருட்டு.
அது நிழலாம். அவளே சொல்லிக்கொண்டாள்.

ஆனால் தங்கமணி எட்டு வருஷம் செக்கிங் டேபிளில் நிற்பவள்.
தோளைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.
கழுத்து, கை, இடுப்பு மடிப்பு,
தையல் முழுக்க வெள்ளை வெளேரென்று ஓடியது.
பாலியஸ்டர் நூல்.
பருத்திச் சாயம் அதைத் தொடாது என்பதை
நானே மறந்துபோனேன்.

அவள் பர்ஸைத் திறந்து
பழுதுக்கு ஒட்டுகிற சிவப்பு அம்பு ஸ்டிக்கரை எடுத்தாள்.
ஒன்று தையலுக்கு.
இன்னொன்றை, சிரிக்காமல்,
என் நீல விரலில் ஒட்டினாள்.